கைவிட்டதா, கைநழுவியதா? குடியுரிமை இழப்பில் உச்ச நீதிமன்றம் வகுத்த கோடு

செங்கல் (திருவனந்தபுரம் மாவட்டம்): ஒருவர் தமது இந்தியக் குடியுரிமையைத் தாமே முறைப்படி துறப்பதும், வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றதால் அது தானாகவே முடிவுக்கு வருவதும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வெளிநாடுகளில் குடியேறிய தமிழ், மலையாளக் குடும்பங்களின் அடுத்த தலைமுறையை நேரடியாகப் பாதிக்கிறது. பெற்றோர் போட்ட கையெழுத்து எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்பதைப் பொறுத்தே, அவர்களின் பிள்ளைகள் பின்னாளில் இந்தியக் குடியுரிமையை மீட்க முடியுமா என்பது முடிவாகிறது.

தமிழக எல்லையில் களியக்காவிளைக்கு அருகே, நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்துள்ள செங்கல், பாறசாலை போன்ற ஊர்களில் 'எல்லை' என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் தங்கியது. ஒரே குடும்பத்தின் கிளைகள் இரு மாநிலங்களில் பிரிந்து நின்றன. ஆட்சி மொழி மாறியது, வருவாய் அலுவலகம் மாறியது. குடியுரிமை மட்டும் மாறவில்லை. இந்தியாவில் மாநிலக் குடியுரிமை என்று ஒன்று இல்லாததே அதற்குக் காரணம்.

நாட்டின் எல்லையில் அந்த எளிமை இல்லை. அங்கே ஓர் உறுதிமொழி ஏற்பு போதும். இந்திய அரசின் ஆணை எதுவும் இல்லாமலேயே ஒருவர் அந்த நாளில் இந்தியக் குடிமகன் என்ற நிலையை இழந்துவிடுவார்.

வழக்கின் பின்னணி

2024 அக்டோபர் 18 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மசிஹ் ஆகியோர் அடங்கிய அமர்வு இந்தத் தீர்ப்பை வழங்கியது. வழக்கின் மையத்தில் இருந்தவர் சிங்கப்பூரில் பிறந்த ஓர் இளைஞர். இந்தியர்களாகப் பிறந்த அவருடைய பெற்றோர் 1998 டிசம்பர் 19 அன்று சிங்கப்பூர் குடியுரிமையைப் பெற்றனர். அப்போது தாய் கருவுற்றிருந்தார். 1999 மார்ச் 1 அன்று மகன் பிறந்தார்.

18 வயது நிறைந்ததும், 2017-ஆம் ஆண்டில், இந்தியக் குடியுரிமையை மீண்டும் பெற விரும்புவதாக அவர் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்திடம் விண்ணப்பித்தார். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவே அவர் காட்டிய ஆதாரம். மத்திய உள்துறை அமைச்சகம் 2019-இல் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது என்றும், வேண்டுமானால் பதிவு மூலம் குடியுரிமை பெறும் 5(1) பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்றும் அது தெரிவித்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கு இளைஞருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பெற்றோர் இந்தியக் குடியுரிமையை விட்ட நாளில் கருவில் இருந்த குழந்தையும் சட்டத்தின் பார்வையில் ஒரு குழந்தையே என்ற வாதம் அங்கு ஏற்கப்பட்டது.

இந்திய சட்டத்துக்கு அந்த வாதம் புதிதன்று. சொத்தின் உரிமையாளர் இறக்கும்போது கருவில் இருந்து, பின்னர் உயிருடன் பிறக்கும் குழந்தைக்கும் வாரிசுரிமை உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் கூறுகிறது. சொத்தில் உள்ள உரிமை குடியுரிமையில் ஏன் இருக்கக்கூடாது என்ற கேள்வி இயல்பானதே. ஆனால், மத்திய அரசின் மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விக்கு முன்னதாக எழும் இன்னொரு கேள்வியிலிருந்து தொடங்கியது: பெற்றோர் உண்மையில் குடியுரிமையைத் துறந்தார்களா?

துறப்பதும் இழப்பதும்

குடியுரிமை இல்லாமல் போவதற்குக் குடியுரிமைச் சட்டம் மூன்று வழிகளைக் கூறுகிறது.

முதலாவது, 8-ஆவது பிரிவின் கீழ் துறத்தல். வயது வந்த இந்தியக் குடிமகன் ஒருவர், தமது குடியுரிமையைத் துறப்பதாக உரிய படிவத்தில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு பதிவு செய்யப்பட்டதும் குடியுரிமை முடிவுக்கு வரும். அவருடைய வயது வராத பிள்ளைகளும் அத்துடன் இந்தியக் குடியுரிமையை இழப்பர். ஆனால் சட்டம் அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வயது வந்த ஓராண்டுக்குள், மீண்டும் இந்தியக் குடியுரிமை வேண்டும் என்று அறிவித்தால் அது அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். இதுவே 8(2) பிரிவு.

இரண்டாவது, 9-ஆவது பிரிவின் கீழ் முடிவுக்கு வருதல். வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெறும் ஒருவர், பெற்ற அக்கணமே இந்தியக் குடிமகன் என்ற நிலையை இழக்கிறார். அறிவிப்போ பதிவோ அதற்குத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு மீட்பு வாய்ப்பு தரும் விதி இந்தப் பிரிவில் இல்லை.

மூன்றாவது, 10-ஆவது பிரிவின் கீழ் பறித்தல். பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ குடியுரிமை பெற்றவர் மோசடி செய்து அதைப் பெற்றிருந்தால், அல்லது சட்டம் குறிப்பிடும் வேறு காரணங்கள் இருந்தால், அரசு ஆணை பிறப்பித்து அதைப் பறிக்கலாம்.

இந்த வழக்கில் பெற்றோர் 8-ஆவது பிரிவின் கீழ் எந்த அறிவிப்பும் செய்யவில்லை. சிங்கப்பூர் குடியுரிமை பெற்றதால், 9-ஆவது பிரிவின்படி அவர்களின் இந்தியக் குடியுரிமை சட்டத்தின் செயலால் முடிந்தது. ஆகவே 'துறந்தவரின் பிள்ளை' என்ற நிலை அந்த இளைஞருக்கு ஒருபோதும் இருக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. 8(2) பிரிவே பொருந்தாது என்றான பின், கருவில் இருந்த குழந்தை பற்றிய வாதத்தால் அவருக்குப் பயன் கிட்டவில்லை.

தாத்தா பாட்டி பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்தவர்கள் என்ற அடிப்படையில், அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆவது உறுப்பையும் அவர் துணைக்கு அழைத்திருந்தார். இந்தியாவுக்கு வெளியே வசித்த இந்திய வம்சாவளியினரை, தூதரகத்தில் பதிவு செய்து குடிமக்களாக ஏற்க வழிவகுத்த உறுப்பு அது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து பல பத்தாண்டுகள் கழித்து அயல்நாட்டில் பிறந்தவருக்கும் அதை நீட்டினால் விபரீதமான விளைவுகள் ஏற்படும் என்று கூறி, அந்த வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அயல்நாட்டவருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை, அதன் சொற்களுக்கு அப்பால் வளைத்துப் பொருள் கொள்ள இயலாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஒரு வீடு, இரண்டு பிள்ளைகள்

தீர்ப்பு நடைமுறையில் என்ன செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் காணலாம். எல்லைப்புற ஊர் ஒன்றிலிருந்து செவிலியர் பணிக்காக பிரிட்டன் சென்ற ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். புறப்படும் முன்பே மூத்த மகள் நெய்யாற்றின்கரையில் பிறந்துவிட்டாள். சில ஆண்டுகளுக்குப் பின் பெற்றோர் இருவரும் பிரிட்டன் குடியுரிமை பெற்று உறுதிமொழி ஏற்கின்றனர். அதற்குச் சில மாதங்கள் கழித்து இளைய மகன் பிறக்கிறான்.

மூத்த மகள் பிறப்பால் இந்தியக் குடிமகள். பெற்றோர் குடியுரிமை மாறியதால் மட்டும் அவளுடைய குடியுரிமை போய்விடாது. இளையவன் பிறந்த நாளில் பெற்றோர் இருவருமே இந்தியக் குடிமக்கள் அல்லர். எனவே வம்சாவளி வழியிலும் அவனுக்கு இந்தியக் குடியுரிமை வரவில்லை. இல்லாத ஒன்றை 'மீட்க' வழியும் இல்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவருக்கு இடையே நிற்பது ஒரு தேதி மட்டுமே. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததில் பிள்ளைகளுக்கு எந்தப் பங்கும் இல்லை.

வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரின் நிலை வேறு. அந்நாடுகள் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் குடியுரிமை வழங்குவது அரிது. முப்பது ஆண்டுகள் அங்கு உழைத்தாலும் பெரும்பாலோர் இந்தியக் கடவுச்சீட்டுடனேயே ஊர் திரும்புகின்றனர். அங்கு பிறக்கும் பிள்ளைகளுக்குக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 3 முதல், வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி பெற்ற பின்னரே பதிவு செய்ய இயலும். பதிவு இல்லையேல் வம்சாவளிக் குடியுரிமையும் இல்லை.

எண்ணிக்கை சொல்லாதது

நாடாளுமன்றத்தில் அரசு அளித்த தகவலின்படி 2022-இல் 2,25,620 பேரும், 2023-இல் 2,16,219 பேரும், 2024-இல் 2,06,378 பேரும் இந்தியக் குடியுரிமையை விட்டுள்ளனர். 2011-இல் இந்த எண்ணிக்கை 1,22,819 ஆக இருந்தது.

இத்தகைய புள்ளிவிவரங்கள் வெளியாகும்போதெல்லாம் 'குடியுரிமையைத் துறந்தவர்கள்' என்றே செய்திகளில் எழுதப்படுகிறது. உச்ச நீதிமன்றத்தின் விளக்கத்தை வைத்துப் பார்த்தால் அந்தச் சொல் பெரும்பாலும் பொருந்தாது. முதலில் அயல்நாட்டுக் குடியுரிமையைப் பெற்று, பின்னர் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்குவோர், சட்டத்தின் கண்ணில் குடியுரிமையைத் துறந்தவர்கள் அல்லர், ஏற்கெனவே இழந்தவர்கள். தூதரகம் தரும் ஒப்படைப்புச் சான்றிதழ், நடந்து முடிந்த ஒன்றைக் குறித்துவைக்கும் தாள். அந்தத் தாளைக் காட்டி, பிள்ளைகளுக்கு 8(2) பிரிவின் உரிமையைக் கோர இயலாது.

இங்கு ஒரு முரண் எழுகிறது. முறைப்படி அறிவித்துத் துறந்தவரின் பிள்ளைக்குத் திரும்பும் வழி உண்டு. அயல்நாட்டில் உறுதிமொழி ஏற்றதால் இழந்தவரின் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. இரு பிள்ளைகளின் வாழ்க்கையிலும் விளைவு ஒன்றுதான். ஆயினும் வெளிநாட்டில் குடியேறுவோரில் மிகப் பெரும்பாலோர் செல்வது இரண்டாவது வழியில். எனவே 8(2) பிரிவு வைத்திருக்கும் கதவு ஏட்டில் திறந்திருந்தாலும், அதன் வழியே வரக்கூடியவர்கள் மிகச் சிலரே. இதைச் சரிசெய்யும் பொறுப்பு நாடாளுமன்றத்தைச் சேர்ந்தது. நீதிமன்றம் சட்டத்தின் சொற்களைத் தாண்டவில்லை என்பதில் தீர்ப்பின் உறுதி இருக்கிறது. அந்தச் சொற்கள் இன்றைய குடிபெயர்வின் போக்கைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதில் சட்டத்தின் குறை இருக்கிறது.

பழைய வழக்குகள், பழைய கடுமை

9-ஆவது பிரிவு கடுமையாக அமைந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நாட்டுப் பிரிவினைக்குப் பின் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே சென்று திரும்பியவர்களின் நிலையை முடிவு செய்யவே தொடக்க காலத்தில் இந்தப் பிரிவு பெரிதும் பயன்பட்டது. வேறொரு நாட்டின் கடவுச்சீட்டைப் பெற்றிருப்பதே அந்த நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றதற்கு முடிவான சான்று என்ற விதி, 1962-இல் இஸ்ஹார் அகமது கான் வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் செல்லும் என ஏற்கப்பட்டது. அதே விதி 2009-ஆம் ஆண்டின் குடியுரிமை விதிகளிலும் தொடர்கிறது.

கேரளத்துக்கும் இதில் பங்கு உண்டு. மலபாரிலிருந்து சிறு வயதில் கராச்சிக்குச் சென்று, பாகிஸ்தான் கடவுச்சீட்டுடன் திரும்பிய ஒருவரின் வழக்கு 1966-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. குளத்தில் மம்மு வழக்கு என அறியப்படும் அதில், அரசமைப்பின் 7-ஆவது உறுப்பில் வரும் 'குடிபெயர்தல்' என்பதற்கு நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் கட்டாயமில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். பிழைப்பு தேடிச் சென்ற சிறுவனுக்கும் நாடு மாற முடிவெடுத்த பெரியவருக்கும் சட்டத்தில் வேறுபாடு இல்லாமல் போனது.

அண்மைக் காலத்தில் இதன் மறுபக்கத்தையும் கேரள உயர் நீதிமன்றம் கண்டது. பல ஆண்டுகளாகக் கேரளத்தில் வசிக்கும், பாகிஸ்தான் குடிமக்களாகப் பிறந்த இரு இளம்பெண்கள் இந்தியக் குடியுரிமை கோரினர். கடவுச்சீட்டுகளைப் பாகிஸ்தான் தூதரகத்தில் ஒப்படைத்துவிட்டதால் அதுவே போதும் என்பது அவர்களின் வாதம். தனி நீதிபதி அதை ஏற்றார். ஆனால் இரு நீதிபதிகள் அமர்வு, கடவுச்சீட்டை ஒப்படைப்பது குடியுரிமையைத் துறந்ததாகாது. அந்நாட்டுச் சட்டப்படி துறப்புச் சான்றிதழ் தேவை என்று தீர்ப்பளித்தது. இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நீதிமன்றங்கள் எதை உற்றுநோக்குகின்றன என்பது விளங்கும். கையில் உள்ள புத்தகம் அன்று. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு எந்த நாளில் செயல்பட்டது என்பதே முடிவானது.

உலகம் செல்லும் திசை

வேறொரு நாட்டின் குடியுரிமை பெற்றால் சொந்த நாட்டின் குடியுரிமை தானாகவே போய்விடும் என்ற விதியைப் பல நாடுகள் மறுபரிசீலனை செய்து வருகின்றன. ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் அந்த விதியை நீக்கிப் பல நாட்டுக் குடியுரிமைக்கு இடமளித்தது. இலங்கையில் அத்தகைய விதி இருந்தாலும், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்கவோ மீட்கவோ வழி உண்டு.

மிகத் தெளிவான மாற்றம் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. அமைச்சரின் முன்அனுமதி இன்றி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை தானாகவே போய்விடும் என்ற சட்டப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2025 மே 6 அன்று தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்த 1995 அக்டோபர் 6 முதலே செல்லாது என்றும், அதனால் குடியுரிமையை இழந்தவர்கள் இழக்காதவர்களாகவே கருதப்படுவர் என்றும் அது கூறியது.

அதே தீர்ப்பை இந்தியாவில் எதிர்பார்க்க இயலுமா? அது எளிதன்று. எந்தக் குடிமகனிடமிருந்தும் குடியுரிமையைப் பறிக்கக்கூடாது என்று தென்னாப்பிரிக்க அரசமைப்பே கூறுகிறது. இந்திய அரசமைப்பின் 9-ஆவது உறுப்போ, அயல்நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடிமகன் அல்லர் என்று தொடக்கத்திலேயே வரையறுத்தது. 11-ஆவது உறுப்பு, குடியுரிமை பெறுவது, முடிவது ஆகியவை குறித்துச் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் விட்டுள்ளது. ஆகவே இந்தியாவில் மாற்றம் வருமானால், அது சட்டத்திருத்தம் மூலமே வர வேண்டியிருக்கும்.

தமிழர்களுக்குக் குடியுரிமை இழப்பின் இன்னொரு முகமும் தெரியும். இலங்கை மலையகத் தமிழர்கள் தாங்கள் எதையும் செய்யாமலேயே, 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாயினர். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அதில் எழுதப்பட்டது. அங்கே அரசு பறித்தது. இங்கே குடிமகனின் செயலே அவரை வெளியேற்றுகிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டிலும், முடிவெடுக்காத அடுத்த தலைமுறையே விளைவைச் சுமக்கிறது.

எஞ்சியிருக்கும் வழிகள்

உச்ச நீதிமன்றம் அந்த இளைஞருக்கு எல்லாக் கதவுகளையும் அடைத்துவிடவில்லை. பெற்றோரில் ஒருவர் சுதந்திர இந்தியாவின் குடிமகனாக இருந்திருந்தால், வயது வந்த பிள்ளை 5(1)(எஃப்) பிரிவின் கீழ் பதிவு மூலம் குடியுரிமை கோரலாம். விண்ணப்பிப்பதற்கு முன் 12 மாதங்கள் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். சிறப்புச் சூழல்களில் இந்தக் கால அளவில் 30 நாட்கள் வரை தளர்வு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. வெளிநாட்டு வாழ் இந்தியக் குடிமக்கள் எனப்படும் ஓசிஐ அட்டையை ஐந்து ஆண்டுகள் வைத்திருப்பவர்களுக்கு 5(1)(ஜி) பிரிவு இதேபோன்ற வழியைத் தருகிறது.

ஆனால் 8(2) பிரிவுக்கும் இவற்றுக்கும் இடையே அடிப்படை வேறுபாடு உள்ளது. 8(2)-இன் கீழ் செய்யப்படுவது அறிவிப்பு. அறிவித்ததும் உரிமை திரும்பும். 5(1)-இன் கீழ் செய்யப்படுவது விண்ணப்பம்; அதை ஏற்பதும் மறுப்பதும் அரசின் பரிசீலனைக்கு உட்பட்டது.

ஓசிஐ அட்டை என்பது பெயரில் 'குடிமகன்' என்ற சொல்லைக் கொண்டிருந்தாலும் குடியுரிமை அன்று. அதை வைத்திருப்பவர் விசா இன்றி வந்து தங்கலாம். வாக்களிக்க இயலாது. தேர்தலில் நிற்க இயலாது. பரம்பரையாக வரும் நிலத்தைப் பெறலாமே தவிர, விவசாய நிலத்தை விலைக்கு வாங்க இயலாது. வெளிநாட்டில் வசிப்போர் ஊர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற 2010-ஆம் ஆண்டின் திருத்தம் வழிசெய்தாலும், அது அயல்நாட்டுக் குடியுரிமை பெறாத இந்தியர்களுக்கு மட்டுமே.

அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற பின்னும் அதை மறைத்து இந்தியக் கடவுச்சீட்டு பெறுவது, கடவுச்சீட்டுச் சட்டத்தின் கீழ் ஓராண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 'இன்னும் ஒப்படைக்கவில்லை, அதனால் இன்னும் இந்தியர்தான்' என்ற பரவலான எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

செங்கல், பாறசாலை போன்ற ஊர்களிலிருந்து வெளிநாடு செல்லும் இளைய தம்பதியர் இந்தத் தீர்ப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சுருக்கமானது. அயல்நாட்டுக் குடியுரிமைக்கான உறுதிமொழி நாள், அந்த நாளில் பிறந்திருக்கும் பிள்ளைகள், இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகள் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து யோசித்த பின்னரே கையெழுத்திட வேண்டும். 1956-இல் எல்லைக்கோடு மாறியபோது இந்த ஊர்களில் எவரும் கையெழுத்திடவில்லை. எவரும் குடியுரிமையை இழக்கவும் இல்லை. இன்று கோட்டைக் கடப்பவர் கையெழுத்திட்டுக் கடக்கிறார். அந்தக் கையெழுத்தின் முழுப் பொருளையும் அவருடைய பிள்ளை 18 வயதில்தான் அறிகிறது.